அல்லி என்ன செய்திருப்பாள்

ஆகஸ்ட் 4

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். வார்டனிடம் வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளிடம்கூட வேண்டாம். படித்தே ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டுக் கிழித்து, கழிப்பறையில் போட்டு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

என் பெயர் இந்துஜா. பதினொன்றாம் வகுப்பு, ஏ பிரிவு. எல்லோரும் தூங்கிய பிறகு கடைசிக் குளியலறையில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே மட்டும்தான் விளக்கை அணைக்க மாட்டார்கள்.

இது தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம். பாடப்புத்தகம் தவிர அச்சடித்த காகிதம் எதுவும் இங்கே கூடாது. போன வருடம் ஓர் அக்கா முறுக்கு சுற்றி வந்த செய்தித்தாளை வாசித்ததற்காக ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்றாளாம். அப்படிப்பட்ட இடத்துக்கு ஜெசிந்தா ஒரு நாவலைக் கொண்டுவந்துவிட்டாள். அவள் தூத்துக்குடிக்காரி, மேல்மாடி அறையில் இருப்பவள். அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டதால் நாவலின் பெயர் எனக்குத் தெரியாது. ஆறு துண்டாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் ஊசிநூலால் தைத்து, காக்கி அட்டை போட்டு, வேதியியல் குறிப்பேடு மாதிரி ஆக்கியிருக்கிறாள். துணி துவைக்கிற இடத்தில்தான் கைமாற்றிக்கொள்வோம், ஈரத்துணிக்கு அடியில்.

அட்டை என்றால் பெயர் ஸ்டிக்கர் வேண்டும். வருட ஆரம்பத்தில் எல்லோருக்கும் பெயரும் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் தாள் ஒன்று தருவார்கள். அது ஒட்டாத நோட்டு வெளியே இருந்தால் பறித்துக்கொள்வார்கள். யார் பெயரை ஒட்டுவது என்று ஜெசிந்தா கேட்டாள். “வினோதா பேரை ஒட்டலாம். அவ நோட்டை யாரும் தொறந்து பாக்க மாட்டாங்க” என்றேன். வினோதா என் பக்கத்துக் கட்டில். வகுப்பில் முதலிடம். அவள் அலமாரியிலிருந்து ஸ்டிக்கர்களை உரித்து எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள், அப்படிப்பட்ட லூசு.

இப்போது என்னிடம் இருப்பது நான்காம் பாகம்.

ஆகஸ்ட் 6

அல்லியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். நாவலில் அவளுக்கும் என் வயதுதான். ஊரை வெள்ளம் கொண்டுபோன பிறகு ஒரு மேட்டில் இருக்கும் முகாமில் தம்பியோடு மாட்டிக்கொள்கிறாள். தம்பி நோஞ்சான். முகாம் கிடங்கிலிருந்து அல்லி பால்பவுடர் திருடுகிறாள். சோதனை வரப்போகிறது என்று தெரிந்ததும் டப்பாவை ராணி என்கிற பெண்ணின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். அந்த முகாமில் அல்லியோடு அன்பாகப் பேசியவள் ராணி ஒருத்திதான். அவளைப் படகில் ஏற்றி எங்கேயோ அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த வரியிலேயே அல்லி தம்பிக்கு இரண்டாவது டம்ளர் பால் கலக்குகிறாள்.

அந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 10

ஞாயிறு. துவைக்கிற கல்லில் ஜெசிந்தாவோடு சண்டை.

“ஏட்டி, அல்லி நல்லவளா கெட்டவளா, சொல்லு.”

“நல்லவதான். தம்பிக்காகத்தான செஞ்சா.”

“ராணிக்கும் ஒரு தம்பி இருந்திருந்தா?”

“இல்லியே.”

“கதை எழுதுனவுக சொல்லல. அதுக்காவ இல்லன்னு ஆயிருமா?” சட்டைக் காலரைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். “அவ கெட்டவதாம்ட்டி. ஆனா எனக்கு அவளப் புடிக்கும். கெட்டவன்னு தெரிஞ்சே புடிக்கி, அதான் இந்தப் புஸ்தகத்துல விசேஷம்.”

எனக்கு அது புரியவில்லை. ஒருத்தியைப் பிடிக்கிறதென்றால் அவள் செய்தது சரி என்றுதானே அர்த்தம்?

இரண்டு பாவாடை, மூன்று சட்டை துவைத்தேன். சோப்பு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 12

மாதத் தேர்வு பட்டியல் ஒட்டிவிட்டார்கள். வினோதா முதலிடம். இரண்டாமிடம் பி பிரிவில் ஒருத்தி. நான் மூன்றாவது.

ஆகஸ்ட் 13

காலாண்டுத் தேர்வில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் இலவச இடம் நிலைக்கும். நான் பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து உள்ளே வந்தவள். இடம் போனால் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு என்றால் அப்பா ஓட்டுகிற தறிக்கூடம்தான். அம்மா போனில், “உனக்கும் ஒரு தறி சொல்லி வெச்சிருக்கோம்மா, பயப்படாத” என்றாள். தைரியம் சொல்வதாக அவளுக்கு நினைப்பு.

வினோதா தன் போர்வையை எனக்குக் கொடுத்தாள். எனக்கு ஜலதோஷம்.

ஆகஸ்ட் 14

பயங்கரம் நடந்துவிட்டது.

வகுப்புத் தலைவி என்பதால் வேதியியல் குறிப்பேடுகளைச் சேர்த்து ஆசிரியர் அறையில் வைக்க வேண்டியது என் வேலை. பதினோரு மணி இருக்கும். வராந்தா வெயிலில் கண் கூசியது. அடுக்கை மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மதியம் வந்து பார்த்தால் என் பைக்குள் நான்காம் பாகத்தைக் காணவில்லை. குறிப்பேடுகளோடு கலந்து போய்விட்டது. எப்படிக் கலந்தது என்றே தெரியவில்லை. எல்லாமே காக்கி அட்டை. யாருக்குத்தான் இந்தத் தப்பு நடக்காது?

நான்கு மணிக்கு வினோதாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அதன் பிறகு துணை முதல்வர் நல்லசாமி சார் எங்கள் அறைக்கு வந்தார். அவர் அடிப்பதில்லை. குரலை உயர்த்துவதும் இல்லை. அதுதான் எல்லோருக்கும் பயம்.

“இது யார் பேரு கண்ணு?”

“என் பேருதான் சார். ஆனா என்னுது இல்ல சார்.”

“பேரு உன்னுது, நோட்டு உன்னுதில்ல. அப்போ யாருது?”

வினோதா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. கணக்கில் எங்கே தப்பு விட்டோம் என்று தேடுகிற பார்வை.

“தெரியல சார்.”

“யாருக்காச்சும் தெரியுமா?” என்று எங்களைக் கேட்டார். வார்டன் தனபாக்கியம் மேம் எனக்கு நேராக நின்றார். நான் மிட்டாய்த் தாளை மடித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது அல்லியாக இருந்தால் என்ன செய்திருப்பாள்? ஒன்றும் செய்திருக்க மாட்டாள். அதுதான் கஷ்டமான காரியம். ஒன்றும் செய்யாமல் நிற்பது.

ஆகஸ்ட் 18

இன்று மாலைப் படிப்பு நேரத்தில் நடந்ததை எழுதாவிட்டால் தூங்க முடியாது.

படிப்புக்கூடத்தில் பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். நல்லசாமி சார் வினோதாவை மேடைக்கு ஏற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, நான்காம் பாகத்தையும் கொடுத்தார்.

“எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும், நம்ம ஃபர்ஸ்ட் ரேங்க் என்ன படிக்கிறாங்கன்னு. சத்தமா படி கண்ணு.”

வினோதா வாழ்நாளில் ஒரு கதைப்புத்தகம் வாசித்தவள் இல்லை. செய்யுள் ஒப்பிக்கிற குரலில் ஆரம்பித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அல்லி கிடங்கின் ஜன்னலில் ஏறும் இடத்தை அவள், “பாத்திரத்தின் பண்புகள்” என்கிற கேள்விக்கு விடை ஒப்பிக்கிற மாதிரி வாசித்தாள். எங்கள் வரிசை குலுங்கியது. நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. யாரும் அடக்கவில்லை. எல்லோரும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வார்டன் மேம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நிறுத்தச் சொல்ல வேண்டிய சார் மறந்துபோய் நின்றுகொண்டே இருந்தார்.

வினோதா அந்த இடத்துக்கு வந்தாள்.

“ராணி தூங்கிக்கொண்டிருந்தாள். அல்லி டப்பாவை மெதுவாக அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தரையில் தகரம் உரசிய சத்தத்துக்கு ராணி கண்ணைத் திறந்தாள். அல்லியைப் பார்த்துச் சிரித்தாள். தூக்கம் வரவில்லையா என்று கேட்டாள்.”

இங்கே அவள் குரல் மாறியது. ஒப்பிக்கிற குரல் போய்விட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தனக்கே வாசித்துக்கொள்கிற மாதிரி வாசித்தாள். ஒரு வரியைத் திரும்ப வாசித்தாள். பிறகு தலையைத் தூக்கி முதல் வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் வரிசைக்கு வந்தபோது நான் குனிந்து பேனாவுக்கு மூடி போட்டேன்.

பாகம் படகு கிளம்பும் இடத்தில் முடிந்துவிட்டது. கடைசி பெஞ்சில் ஒருத்தி வாய் தவறி, “அய்யோ, அப்புறம்?” என்று கத்திவிட்டாள். அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

வினோதாவை இன்றிலிருந்து நோயாளி அறையில் தனியாகப் படுக்க வைத்திருக்கிறார்கள். அவளோடு யாரும் பேசக்கூடாதாம்.

ஆகஸ்ட் 20

வினோதாவின் அப்பா வந்தார். பஸ் கண்டக்டர். காக்கி உடையோடு, தோள் பையைக்கூடக் கழற்றாமல், இறங்கியதும் நேரே வந்துவிட்டார். அலுவலக வாசலில் எல்லோரும் பார்க்க நல்லசாமி சாரின் காலைத் தொட்டார். சார், “அய்யோ, வேண்டாங்க, எந்திரிங்க” என்று சொன்னார். கால் நகரவில்லை.

“சொல்லுடி. என்ன குறை வெச்சேன் உனக்கு?”

“நான் படிக்கலப்பா.”

அறைந்தார். அவள் கண்ணாடி வராந்தாவில் சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது. எடுத்துக் கொடுத்தது நான்தான். வேறு யாரும் நகரவில்லையே. “தேங்க்ஸ் இந்து” என்றாள். உதடு வீங்கியிருந்தது.

காலாண்டுத் தேர்வு வரை சோதனைக்காலம். இன்னொரு புகார் வந்தால் டி.சி.

மதியம் சாம்பார் நன்றாக இருந்தது. இரண்டாவது முறை வாங்கினேன்.

ஆகஸ்ட் 22

ஜெசிந்தா என்னைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

“நீயாட்டி வச்ச?”

“தப்பாக் கலந்துருச்சு.”

“மேலருந்து ரெண்டாவது இருந்துச்சுன்னு கெமிஸ்ட்ரி மேம் சொல்லுதாவ. மேல இருக்கது ஒனக்குக் கண்ணு தெரியலியா?”

“வெளிச்சம் பத்தல.”

அவள் வாளியை எடுத்தாள். “சரி விடு. திங்கக்கெழம காலம்பற நான் சார்ட்ட போயி சொல்லப் போறேன். புஸ்தகம் என்னுதுன்னு. நீயும் வா. ரெண்டு பேரு போனா ஏச்சு பாதிபாதி.”

“எனக்கு எடம் போயிரும்டி.”

“அந்தப் புள்ளைக்குப் போவுதே!”

“அவ எங்க போனாலும் படிச்சுக்குவா.”

“நீ?”

திரும்பி அறைக்கு வந்துவிட்டேன். வெளிச்சம் பற்றி நான் சொன்னதும் நிஜம்தான். வெயிலிலிருந்து உள்ளே போனால் கண் இருட்டும்.

ஆகஸ்ட் 23

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஜெசிந்தாவின் அப்பாவுக்கு இரண்டு விசைப்படகு இருக்கிறது. இந்தப் பள்ளி இல்லையென்றால் இன்னொரு பள்ளி. அவளுக்கு இது விளையாட்டு. தானாகப் போய்ச் சொன்னால் என் பெயரையும் சொல்லாமல் இருக்க மாட்டாள். சொல்ல மாட்டேன் என்பாள், ஆனால் சார் அந்தக் குரலில் கேட்டால்?

ஆகஸ்ட் 24

ஞாயிறு. மதியம் எல்லோரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வார்டன் அறைக்குப் போனேன். அழுதேன். அழ வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை, தானாக வந்தது. புத்தகம் ஜெசிந்தாவுடையது என்றேன். வினோதாவின் பெயரை வேண்டுமென்றே ஒட்டியதும் அவள்தான் என்றேன். முதலிடத்தில் இருப்பதால் வினோதாமேல் பொறாமை என்றேன்.

“உனக்கெப்புடிம்மா தெரியும்?”

“அவளே சொல்லிச் சிரிச்சா மேம்.”

தனபாக்கியம் மேம் என் தலையைத் தடவினார். “நீயாச்சும் வாயத் தொறந்தியே கண்ணு” என்று ஃபிளாஸ்கிலிருந்து பால் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். சூடாக இருந்தது.

ஆகஸ்ட் 26

என் பெயரைச் சொல்லாமலே ஜெசிந்தா டி.சி. வாங்கிக்கொண்டாள். அவள் அம்மா காரில் வந்து அழைத்துப் போனார்கள். மீதிப் பாகங்களை மைதானத்தில் வைத்துக் கொளுத்தினார்கள். ஐந்தும் ஆறும் நான் வாசிக்கவே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது எனக்குப் பக்கத்தில் நின்றாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“அல்லிய எனக்குப் புடிக்கும்னு சொன்னேம்லா? அவ புஸ்தகத்துக்குள்ள கெடக்கதுனாலதான் புடிச்சிச்சிட்டி.”

அவ்வளவுதான். போய்விட்டாள்.

ஆகஸ்ட் 27

காலைக் கூட்டத்தில் நல்லசாமி சார் என் பெயரைச் சொல்லி எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். துவைக்கிற கல்லுக்கு நான் போனால் இப்போது இடம் தானாகக் காலியாகிறது.

வினோதா அறைக்குத் திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 30

அவள் என்னிடம் நன்றாகத்தான் பேசுகிறாள். இரவுச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கதை கேட்கிறாள்.

“படகு போச்சுல்ல, அப்புறம் ராணி என்ன ஆனா?”

“தெரியாது. அதுக்கப்புறம் நான் படிக்கல...” என்று சொல்லி, நாக்கைக் கடித்துக்கொண்டேன். “படிக்கலன்னு ஜெசிந்தா சொன்னா. அவளும் முழுசாப் படிக்கலயாம்.”

“ஓ” என்றாள். “அல்லி மன்னிப்புக் கேப்பாளா?”

“கேக்க மாட்டா.”

“ஏன்?”

“கேட்டா தம்பிக்குப் பால் கிடைக்காது.”

அவள் தலையாட்டிக்கொண்டே தட்டை நீட்டினாள். பாடத்தில் முக்கியமான வரிக்குக் கோடு போடும்போதும் இப்படித்தான் தலையாட்டுவாள்.

செப்டம்பர் 5

ஒன்றுமில்லை. படித்தேன்.

செப்டம்பர் 9

எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

மாலையில் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். வினோதா தன் ஸ்டிக்கர் தாளை என் கட்டில்மேல் விரித்தாள். நடுவில் ஆறு கட்டம் காலி.

“நான் வரிசையாத்தான் உரிப்பேன். இது நடுவுல போயிருக்கு.”

“ஜெசிந்தா எடுத்திருப்பா.”

“ஜெசிந்தா இந்த மாடிக்கு வந்ததே இல்ல இந்து. மாடி மாறக்கூடாதுல்ல?”

நான் தாளைத் திருப்பிப் போட்டேன்.

“மைக்ல வாசிச்சேன் பாரு, அப்பவே தெரிஞ்சுது. கட்டிலுக்கு அடியில தள்ளணும்னா பக்கத்துல படுக்கிறவதான தள்ள முடியும்.”

“வினோ, சத்தியமா அது தப்பாக் கலந்து...”

“பரவால்ல. நான் சொல்ல மாட்டேன்.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்பா அறைந்ததில் ஒரு பக்கம் விரிசல். “காலாண்டுல கெமிஸ்ட்ரி பேப்பர்ல ரெண்டு கேள்விதான் நீ எழுதணும். மிச்சம் காலியா விட்டுரு.”

“எடம் போயிரும்.”

“ஆமா.”

“எங்க அப்பா...”

“எங்க அப்பா காலத் தொட்டார். நீ பாத்துட்டுதான நின்ன?”

அழுதேன். அவள் போர்வையை எடுத்து எனக்குப் போர்த்திவிட்டாள். அதே போர்வை.

செப்டம்பர் 12

அவள் என்னிடம் எப்போதும்போலச் சிரிக்கிறாள். சந்தேகம் கேட்டால் சொல்லித் தருகிறாள். மற்ற பெண்கள், “வினோதாவுக்கு எவ்வளவு நல்ல மனசு” என்கிறார்கள்.

செப்டம்பர் 15

இரண்டு வழி. எழுதினால் அவள் சொல்லிவிடுவாள், டி.சி. எழுதாவிட்டால் இடம் போகும், ஆனால் பெயர் மிஞ்சும். பணம் கட்டிப் படிக்க வையுங்கள் என்று அப்பாவிடம் கேட்கலாம். அவர் தலையை அடகு வைத்தாவது கட்டுவார். எழுதாமல் விடுவதுதான் புத்தி. அல்லியும் அதைத்தான் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன். ஐந்தாம் பாகத்தை வாசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 17

வேதியியல் தேர்வு முடிந்தது. எல்லாக் கேள்வியும் தெரியும். தெரிந்தும் எழுதாமல் உட்கார்ந்திருப்பது பசியோடு சாப்பாட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது மாதிரி. இரண்டு கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு மீதிப் பக்கங்களில் கோடு மட்டும் போட்டேன்.

வெளியே வந்ததும் வினோதா ஓடிவந்தாள்.

“காலியாவா விட்ட?”

“நீதான சொன்ன.”

“நெஜமாவே விட்டுட்டியா!” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. “நான் காலையிலயே சார்ட்ட சொல்லிட்டேன் இந்து. ஸ்டிக்கர் தாளையும் குடுத்துட்டேன். எழுதியிருந்தா உனக்கு மார்க்காவது மிஞ்சியிருக்கும்.”

“சொல்ல மாட்டேன்னியே!”

“ராணியும் அப்படித்தான நம்பியிருப்பா?”

சாயங்காலம் வார்டன் மேம் என்னைப் பார்த்தும் தலையைத் திருப்பிக்கொண்டு, “உங்கப்பா காலையில வர்றாரு” என்று மட்டும் சொன்னார். அப்பா இந்நேரம் பஸ் ஏறியிருப்பார்.

அழுது பிரயோஜனமில்லை. காலையில் சாரிடம் சொல்ல வேண்டியதை இங்கேயே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன். சொல் தடுமாறக்கூடாது. சார், அந்த ஸ்டிக்கரை உரித்துக் கொடுத்ததே வினோதாதான். அவளும் ஜெசிந்தாவும் சேர்ந்துதான் நாவல் படித்தார்கள். படித்தவள் என்பதால்தான் மைக்கில் அவ்வளவு நன்றாக வாசித்தாள், நீங்களே கேட்டீர்களே. மாட்டிக்கொண்டதும் என்னைப் பயமுறுத்தி, பேப்பரைக் காலியாக விடச் சொல்லி மிரட்டினாள் சார். அதனால்தான் தேர்வில் நான் எழுதவில்லை. இது நன்றாக இருக்கிறது. இதைக் கடைசியில் அழுதுகொண்டு சொல்ல வேண்டும். எங்கள் அப்பா முன்னால்

கதவைத் தட்டுகிறார்கள்.

வினோதாவின் குரல். “இங்கதான் மேம். தினமும் இங்க உக்காந்து என்னமோ எழுதறா. உள்ள தண்ணி விழற சத்தமே வராது பாருங்க.”

குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. நோட்டைக் கிழித்துப் போடவும் வாளியில் தண்ணீர் இல்லை. மேம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். தாழ்ப்பாள்